பொண்டோக் வாருவில் ரயில் தோற்ற கதை

ஜகார்த்தாவுக்குத் தெற்கே பொண்டோக் வாரு என்ற புறநகரில் ரயிலும் நிற்கும், பேருந்தும் நிற்கும். இது ஒரு குற்றம் என்று ஊர்க்காரர்களுக்கு வெகுகாலம் தெரியாமலே இருந்தது. ஒரே ஊரிலிருந்து ஒரே நகரத்துக்குப் போக இரண்டு வழி இருப்பது ஊதாரித்தனம், எது மேலோ அது மட்டும் இருக்கட்டும், மற்றதை நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றிவிட்டது. தோன்றியது யாருக்கு என்பது கடைசிவரை தெரியவில்லை. ஆனால் தோன்றியதை நிறைவேற்ற ஒரு வாரியம் பிறந்தது. புறநகர்ப் பயண ஒப்பீட்டு வாரியம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

பிறந்த கையோடு வாரியம் வெளிநாடு போனது. ஒப்பிட வேண்டும் என்றால் ஒப்பிடுவது எப்படி என்று முதலில் பார்த்துவர வேண்டாமா? பனி பெய்கிற நாடுகளாகப் பார்த்துக் குடும்பத்தோடு போனார்கள். அங்கே ரயிலும் ஓடுகிறது, பேருந்தும் ஓடுகிறது, சாக்லேட்டு நன்றாக இருக்கிறது என்று கண்டறிந்து திரும்பினார்கள். அடுத்து வாரியத்துக்கு ஒரு கீதம் எழுதி, ராணுவ நடையில் மெட்டுப் போட்டார்கள். அதற்கடுத்து சீருடை. பூவேலைச் சாயம் போட்ட பாத்திக் சட்டையில் முன்பக்கம் ரயில், முதுகுப் பக்கம் பேருந்து. தொப்பை உள்ளவர்களுக்கு ரயில் கொஞ்சம் நீண்டுவிட்டது. அது ரயில் கட்சிக்காரர்களின் சதி என்று பேருந்துக் கட்சிக்காரர்கள் மேலிடத்துக்குப் புகார் செய்தார்கள். ஆம், அதற்குள் வாரியத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

இவ்வளவும் ஆன பிறகுதான் ஒரு சின்னக் குறை கண்ணில் பட்டது. வாரியத்தில் ரயிலில் போகிறவரோ பேருந்தில் போகிறவரோ ஒருவரும் இல்லை. ஆகவே வெளியிலிருந்து ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. ஒரே வீட்டிலிருந்து ஒரே கட்டடத்துக்கு வேலைக்குப் போகிற இரண்டு பேர் வேண்டும். ஒருவரை ரயிலில் ஏற்றி, மற்றவரைப் பேருந்தில் ஏற்றி, யார் முந்துகிறார் என்று பார்த்தால் தீர்ந்தது. தெருத் தலைவர் இரண்டு பெயர் கொடுத்தார். முஹாசிம், அவர் மனைவி ரொஹாயா. அவர்களைக் கேட்காமல்தான் கொடுத்தார். கேட்டிருந்தாலும் மறுத்திருக்க மாட்டார்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் அந்தத் தெருவில் யாருக்குமே கிடையாது.

முஹாசிம் நகரத்தில் ஓர் உயரமான அலுவலகக் கட்டடத்தின் அடித்தளத்தில் கார் நிறுத்துமிடக் காவலர். ரொஹாயா அதே கட்டடத்தின் மேல்மாடி ஒன்றில் காப்பி, தேநீர் போட்டுக் கொடுப்பவள். வேலை முடிகிற நேரம் இருவருக்கும் வேறு வேறு. வீட்டிலோ மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், நாள் முழுக்க அலறும் தொலைக்காட்சி, போதாக்குறைக்கு நடுக்கூடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனியாக நாலு வார்த்தை பேசி எத்தனையோ வருடமாகிவிட்டது. அவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தது காலை ரயிலில் மட்டும்தான்.

அந்த ரயிலில் முன்னாலும் பின்னாலும் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு. ரொஹாயா ஒருநாளும் அதில் ஏறியதில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். இந்த வயதிலும் புருஷன் அக்குளுக்குள்தான் நிற்க வேண்டுமா என்று கேட்பார்கள். மேலே தொங்குகிற பிடி தனக்கு எட்டாது என்றும், இங்கே என்றால் இவரைப் பிடித்துக்கொள்ளலாம் என்றும் அவள் பதில் சொல்வாள். முஹாசிம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து வேலி போடுவார். வேலிக்குள் அவள் நிற்பாள். பெரும்பாலும் ஒன்றும் பேச மாட்டார்கள். சில நாள் அவர் மார்பில் நெற்றியை வைத்து நின்றபடியே தூங்கிப்போவாள். சட்டைப் பொத்தான் நெற்றியில் வட்டமாகப் பதிந்துவிடும். அந்தத் தடத்தோடு மேல்மாடிக்குப் போனால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆய்வின் தொடக்க விழா வட்டார அலுவலக மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஒரு பெரிய வெண்கலச் சேகண்டி தொங்கியது. எந்த விழாவானாலும் சேகண்டியை மூன்று முறை அடித்தால்தான் தொடங்கியதாகக் கணக்கு. அடித்தார்கள். பிறகு வந்திருந்த பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர், பட்டம், பதவி சொல்லி வரவேற்றார்கள். அது முடிவதற்குள் வந்திருந்த சிறியவர்கள் தங்களுக்குக் கொடுத்த பலகாரப் பெட்டியைக் காலி செய்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் யாராவது பெட்டியை மறந்துவிட்டுப் போனார்களா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

வாரியத் தலைவர் பேராசிரியர் முனைவர் பொறியாளர் ஹாஜி விதாக்தோ எழுந்தார். அந்த ஊரில் ஐயா என்பதற்கு பாக், அம்மா என்பதற்கு பு.

"சில பேர் எங்கிட்ட கேக்குறாங்க, பாக் விதாக்தோ, நீங்க ரயில்ல போயிருக்கீங்களா, பஸ்ல போயிருக்கீங்களான்னு. பெருமையா சொல்லிக்கிறேன், பதவிக்கு வந்த நாள்லேர்ந்து ரெண்டுலயும் நான் காலை வெச்சதே இல்ல. அதனாலதான் எனக்கு ரெண்டு மேலயும் விருப்பு வெறுப்பு கெடையாது. நடுநிலைமைன்னா இதுதான். ரோட்டுல நெரிசல் இருக்கு நெரிசல் இருக்குங்கிறாங்க. எனக்கு முன்னால சைரன் வண்டி போகுது, என் கண்ணுக்கு ஒண்ணும் தெரியல. கண்ணுக்குத் தெரியாததை ஆராயறதுக்குத்தானே அறிவியல் இருக்கு."

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. செயலாளர் பு தெத்தி ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொண்டுவந்தார். அதற்குள் இரண்டு சீட்டுகள். ரொஹாயாவுக்குப் பேருந்து விழுந்தது, முஹாசிமுக்கு ரயில்.

முஹாசிம் அன்றைக்கு ஒரு காரியம் செய்தார். அவர் வாழ்க்கையில் அதற்கு முன் செய்யாத காரியம். சபையில் கையைத் தூக்கினார்.

"பு, ஒரு சின்ன விண்ணப்பம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தே போறோமே. கொஞ்ச நாள் ரயில்ல, கொஞ்ச நாள் பஸ்ல. ரெண்டுலயும் சேர்ந்தே போயிட்டு வந்து சொல்றோம்."

மண்டபம் சிரித்தது. பு தெத்தியும் சிரித்தார், ஆனால் கருணையோடு.

"சேர்ந்து இருக்குறதை எப்படி பாக் ஒப்பிடுறது? மொதல்ல பிரிக்கணும். பிரிச்சாத்தானே எது எப்படின்னு தெரியும்?"

முஹாசிம் உட்காரவில்லை. கையைத் தூக்கியது தூக்கியாயிற்று, கேட்டே விடுவோம் என்று நின்றார். மனைவிக்கு இதயம் வீங்கியிருக்கிறது என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள், புகையிலும் வெக்கையிலும் இருக்கக் கூடாதாம், பேருந்து அவளுக்கு ஆகாது, சீட்டை மாற்றியாவது கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பு தெத்தி கவலையோடு நெற்றியைச் சுருக்கினார். அது நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டார்.

"நோய் ஒரு பக்கம் மட்டும் இருந்தா முடிவு சாஞ்சிடும், பாக். உங்களுக்கு ஏதாவது இருக்கா?"

முதுகுவலி உண்டு என்றார் முஹாசிம்.

"அப்ப சரியாப் போச்சு. ரெண்டு பக்கமும் சமம்."

அதன் பிறகு பிரமாணம். இருவரையும் மேடையில் நிறுத்தி, தலைக்கு மேல் திருமறையைப் பிடித்துச் சொல்லச் சொன்னார்கள். ஆய்வு முடியும்வரை ஒருவரோடு ஒருவர் சேர்ந்து பயணம் செய்ய மாட்டோம். பயணத்தைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேச மாட்டோம். பயணத்தின் சுகமோ துக்கமோ முகத்தில் தெரியும்படி ஒருவர் முன் ஒருவர் நடந்துகொள்ள மாட்டோம். முஹாசிம் வாயை மட்டும் அசைத்தார். ரொஹாயா ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொன்னாள். அவள் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். வீட்டுக்கு வருகிற வழியில் அவர் முகம் தொங்கிப்போயிருப்பதைப் பார்த்து அவள்தான் தேற்றினாள். புருஷனை அவள் அந்த ஊர் வழக்கப்படி பாங், அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள்.

"கொஞ்ச நாள்தானே, பாங். ரயில்தான் ஜெயிக்கும், பச்சைப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நம்ம நிறுத்தம் நமக்கே நெலைச்சிடும். அப்புறம் சாகிற வரைக்கும் உங்க கைக்குள்ளேயே நின்னுக்கிட்டு வர்றேன், போதுமா?"

மறுநாளிலிருந்து காலை வேளை திருவிழாவாயிற்று. வீட்டு வாசலில் தெருத் தலைவர் கொடியோடு நிற்பார். வாரியத்தின் ஆள் ஒருவர் கீதத்தைப் பாட்டுப்பெட்டியில் போடுவார். கொடி அசைந்ததும் முஹாசிம் வலது பக்கம், ரயில் நிறுத்தத்துக்கு. ரொஹாயா இடது பக்கம், பேருந்து நிற்கும் சாலைக்கு. திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது விதி. நகரத்தில் அவர்கள் வேலை செய்யும் கட்டடத்தின் முகப்புக் கூடத்தில் இன்னொரு சேகண்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். வந்து சேர்ந்ததும் பயணி அதை ஓங்கி ஒரு அடி அடிக்க வேண்டும். முதலில் அடிப்பவரின் வண்டி அன்றைக்கு வென்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாரிய அலுவலருக்கு வேலை, சேகண்டிச் சத்தத்தில் விழித்துக்கொள்வது.

ரயில் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. எப்போதும் அது சீக்கிரம்தான். முஹாசிம் பழக்கத்தில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து வேலி போட்டுக்கொண்டு நின்றார். வேலிக்குள் யாரோ ஒரு வாலிபன் முதுகுப்பையோடு வந்து நின்று கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாகக் கூட வருகிறவர்கள் உங்கள் வீட்டம்மா எங்கே என்று கேட்டார்கள். பிரமாணம் நினைவுக்கு வந்து அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் சண்டை என்று அவர்களாகவே முடிவுகட்டி, அவரைச் சமாதானம் பேசச் சொன்னார்கள்.

நகரத்தில் இறங்கியதும் நேராகப் போய்ச் சேகண்டியை அடித்திருக்கலாம். அடித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்குக் கால் அந்தப் பக்கம் போகவில்லை. இந்நேரம் எந்த நெரிசலில் எந்தப் புகையில் மூச்சு முட்டி நிற்கிறாளோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பலகார வண்டி, டெம்பே என்கிற சோயாக் கட்டியைப் பொரிக்கிற வண்டி. அதன் மறைவில் போய் நின்றுகொண்டார். சேர்ந்து பயணம் செய்யவில்லை, பேசவில்லை, முகத்தைக் காட்டவில்லை. பிரமாணத்தில் எதையும் மீறவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பேருந்து வரும். ரொஹாயா இறங்குவாள். நிமிர்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முகத்தில் பவுடர் கலையாமல், கல்யாணத்துக்குப் போகிறவளைப் போல நடப்பாள். அப்பாடா என்று அவருக்கு மூச்சு வரும். அவள் போனபின் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே போவார். அவள் சேகண்டியை அடிப்பாள். பிறகு இவர் போய் அடிப்பார்.

இப்படியாகப் பேருந்து வென்றது. அடுத்த நாளும் வென்றது. பிறகு வென்றுகொண்டே இருந்தது.

வாரியத்தில் பேருந்துக் கட்சிக்குக் கொண்டாட்டம். நகரத்து நெரிசலில் நகராமல் கிடக்கும் பேருந்து, தடையில்லாமல் ஓடுகிற ரயிலை எப்படி முந்துகிறது என்று ஆராய மலைப் பக்கத்து விடுதி ஒன்றில் கருத்தரங்கு கூட்டினார்கள். ஒவ்வொருவரும் ஒரு காரணம் கண்டுபிடித்தார். பேருந்தின் சக்கரம் ரப்பரால் ஆனது என்றார் ஒருவர். பேருந்துப் பயணிகளின் மன உறுதியைப் பாராட்டி இன்னொருவர் கண்ணீர் விட்டார். போய் ஏறிப் பார்த்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் நடுநிலைமை கெட்டுப்போகும்.

அந்தக் கருத்தரங்குக்கு முஹாசிமையும் ரொஹாயாவையும் வரவழைத்து, பொதுமக்கள் என்று பெயர்ப்பலகை வைத்து மேடையில் உட்கார வைத்தார்கள். முகத்தோடு முகம் பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நடுவில் ஒரு துணித் திரை. பலகாரப் பெட்டி வந்தது. ரொஹாயாவின் பெட்டியில் லெம்பெர் இருந்தது. இலையில் சுற்றிய அந்தச் சோற்றுக் கட்டி முஹாசிமுக்கு உயிர். அவள் அதைத் திரைக்கு அடியில் மெல்லத் தள்ளிவிட்டாள். இவர் கையில் எடுத்து வாயில் வைப்பதற்குள் பு தெத்தி பார்த்துவிட்டார். பேருந்துத் தரப்பிலிருந்து ரயில் தரப்புக்கு ஊட்டச்சத்து போனது முறைகேடு என்று அந்த மேடையிலேயே எச்சரிக்கை வழங்கப்பட்டது. லெம்பெர் திரும்பப் பெறப்பட்டது. அதை யார் தின்றார்கள் என்று தெரியவில்லை.

வீட்டில் பேச்சு வற்றிப்போனது. அவர்கள் பேசிக்கொண்டிருந்ததே வழியில் கண்டதையும் கேட்டதையும்தான். அது போனபின் அரிசி, எண்ணெய், பேரனின் இருமல் என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவள் காலில் வீக்கம் ஏறியதை அவர் பார்த்தார். கேட்டால், இது பயணத்தைப் பற்றிய கேள்வியா வீட்டைப் பற்றிய கேள்வியா என்று சிரித்துக்கொண்டே திருப்பிக் கேட்பாள். அவர் காலைப் பிடித்துவிடுவார். வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை, வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஒருநாள் அவருக்குப் பொறுக்காமல், செல்லமாக நெங் என்று கூப்பிட்டுச் சொன்னார்.

"நெங், இது நமக்கு வேணாம். நாளைக்கே போய் மாட்டோம்னு சொல்லிடுறேன்."

"திருமறை தலைக்கு மேல இருந்துச்சு, பாங். விளையாட்டா?"

"உனக்கு முடியல. என் கண்ணுக்குத் தெரியுது."

"உங்க கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னுதானே சத்தியம் பண்ணோம்," என்று சொல்லி அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வாரியத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் சொல்ல வேண்டும். தன் பிறந்தநாளை அது மறக்கவே மறக்காது. முதலாம் ஆண்டு நிறைவு விழாவுக்கு நகரத்தின் பெரிய சாலையில் ஊர்வலம் ஏற்பாடாயிற்று. ஒரு லாரியில் அட்டையில் செய்த ரயில், இன்னொரு லாரியில் அட்டையில் செய்த பேருந்து, நடுவில் மேளதாளம், எல்லாவற்றுக்கும் முன்னால் சைரனோடு தலைவர் விதாக்தோ. அட்டைப் பேருந்து போவதற்காக உண்மைப் பேருந்துகளை எல்லாம் நிறுத்திவைத்தார்கள். ஊர்வலம் நின்று நின்று போனது. நின்ற இடத்திலெல்லாம் கீதம் பாடினார்கள்.

முஹாசிம் பலகார வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வெயில் ஏறியது. பேருந்து வரவில்லை. கீதம் தூரத்தில் கேட்டது, கிட்டே வந்தது, கடந்து போனது. அதன் பிறகும் வரவில்லை. வேலைக்கு நேரமாகி, நேரம் தாண்டியும் போயிற்று. கடைசியில் அது வந்து நின்றபோது படிக்கட்டில் யாரும் இறங்கவில்லை. கண்டக்டர் வுலன் மட்டும் இறங்கினாள். வாய்த்துடுக்கில் அந்தத் தடம் முழுக்கப் பேர் வாங்கியவள். அவள் அன்றைக்குச் சத்தமே போடாமல் சாலையைக் கடந்து, யாரையும் கேட்காமல், நேராகப் பலகார வண்டிக்குப் பின்னால் வந்தாள்.

"பாங் முஹாசிம், வாங்க."

முன்பின் பார்த்திராத ஆளை அவள் எப்படி அடையாளம் கண்டாள் என்று அந்த நேரத்தில் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. ரொஹாயா ஜன்னலோர இருக்கையில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து இடம் விட்டிருந்தார்கள். கையில் பவுடர் டப்பி திறந்தபடி இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டார். ஓட்டுநர் வண்டியை எடுத்து மருத்துவமனைக்கு விட்டார், எடுப்பதால் இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தே.

வழியில் வுலன்தான் சொன்னாள். தினமும் பாதித் தூரத்திலேயே அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடுமாம். இறங்கி உட்காரச் சொன்னால் கேட்க மாட்டாளாம். கடைசி நிறுத்தம் நெருங்க நெருங்க வியர்வையைத் துடைத்து, பவுடர் போட்டு, முக்காட்டைச் சரிசெய்வாளாம்.

"அதோ அந்த வண்டிக்குப் பின்னால நிக்குறாரு பாரு, மறைஞ்சு நிக்குறதா நெனப்பு, அப்படிம்பாங்க. நான் தள்ளாடி எறங்கினா அந்த மனுஷன் அங்கேயே உக்காந்துடுவாரும்பாங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் பாங் படி வரைக்கும் வருவாங்க. அப்புறம் கையை விட்டுட்டு அவங்களா எறங்குவாங்க."

முஹாசிம் அதைக் கேட்டு அழுத அழுகையை எழுத எனக்குத் தெரியவில்லை. அழுதார் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

துக்கத்துக்கு வாரியம் மலர்ப்பலகை அனுப்பியது. ஆளுயரத்துக்கு மேலே, பூவாலேயே எழுத்து. விதாக்தோவின் பெயரும் ஏழு பட்டங்களும் பெரிதாக இருந்தன. ஆழ்ந்த வருத்தம் அதைவிடச் சின்னதாக இருந்தது. ரொஹாயா என்ற பெயருக்கு இடம் போதாமல், அந்த இடத்தில் பேருந்துப் பயணி என்று இருந்தது. பலகை சந்துக்குள் நுழையவில்லை. பெரிய சாலையிலேயே சாத்திவைத்துவிட்டுப் போனார்கள். ஏதோ புதுக்கடை திறக்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பேர் விசாரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் வெட்கப்பட்டு, உட்கார்ந்து பிரார்த்தனை முடியும்வரை இருந்துவிட்டுப் போனார்கள். வாரியத்திலிருந்து அப்படிக்கூட யாரும் வரவில்லை.

ஊர்வலம் நடந்த நாளின் முடிவை எப்படிப் பதிவது என்று வாரியம் நீண்ட நேரம் விவாதித்ததாம். பேருந்துப் பயணி வழியில் விருப்பப்படி இறங்கிக்கொண்டார் என்று பதிவாயிற்று. ரயில் பயணி சேகண்டியை அடிக்கவே இல்லை. ஆகவே அன்றைக்கு ரயில் நகரத்துக்கு வந்து சேரவே இல்லை என்று பதிவாயிற்று.

முடிவு அறிவிக்கும் விழாவும் வந்தது. அதே மண்டபம், அதே சேகண்டி, அதே பலகாரப் பெட்டி. பேருந்து வென்றது, பொண்டோக் வாருவில் இனி ரயில் நிற்காது என்று விதாக்தோ அறிவித்தார். அதைப் பொறித்த பளிங்குக் கல் ஏற்கெனவே திரைக்குப் பின்னால் தயாராக இருந்தது. நன்றி சொல்ல முஹாசிமை மேடைக்கு அழைத்து ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள்.

"ரயில் தோக்கல," என்றார். "நான்தான் அடிக்கல. தெனமும் நான்தான் மொதல்ல வந்தேன். வந்து எதிர்ப்பக்கம் ஒளிஞ்சு நின்னேன். அவ நல்லபடியா எறங்குறாளான்னு பாத்துட்டு, அவ அடிச்ச பெறகுதான் நான் அடிச்சேன். தப்பு எம்மேல. அவ ஆசைப்பட்டது அந்த ரயில் ஒண்ணுதான். அதையும் நானே கெடுத்துட்டேன். தயவுசெஞ்சு அந்த நிறுத்தத்தை எடுத்துடாதீங்க."

முன்வரிசையில் ரயில் கட்சிக்காரர் ஒருவர் பாதி எழுந்தார். பளிங்குக் கல் அவர் கண்ணில் பட்டது. உட்கார்ந்துவிட்டார். விதாக்தோ ஒலிவாங்கியை மென்மையாக வாங்கிக்கொண்டார்.

"கேட்டீங்களா? ரயில்ல போற மனுஷனுக்கு ரோட்டோரத்துல சும்மா நின்னு வேடிக்கை பாக்குற அளவுக்கு நேரம் மிஞ்சுது. நாட்டோட உழைப்பு இப்படித்தான் வீணாகுது. இந்த உண்மையைத் துணிஞ்சு வெளிய சொன்ன பாக் முஹாசிமுக்கு எல்லாரும் கை தட்டுங்க."

தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். முஹாசிமை நடுவில் நிறுத்தி, கட்டைவிரலை உயர்த்தச் சொன்னார்கள். உயர்த்தினார். அவர் கையில் ஒரு வெல்வெட் பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே ஒரு பயண அட்டை, ஆயுள் முழுக்கப் பேருந்தில் இலவசம். ஒப்பீட்டு இணையருக்கு வாரியத்தின் அன்பளிப்பு என்று அதில் தங்க எழுத்தில் எழுதியிருந்தது.

ஒரு வாரத்தில் நிறுத்தத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ரயில் இப்போதும் அந்த வழியாகத்தான் ஓடுகிறது. பொண்டோக் வாரு வந்தால் கொஞ்சம் வேகம் கூட்டுகிறது, அவ்வளவுதான். வேலைக்குப் போகாமல் தீராதே. முஹாசிம் சாலைக்குப் போய்ப் பேருந்து ஏறினார். வுலனின் பேருந்துதான் வந்தது. அவள் அவரைப் பார்த்ததும் ஜன்னலோர இருக்கையிலிருந்து ஓர் ஆளை எழுப்பிவிட்டு உட்காரச் சொன்னாள். அவர் வெல்வெட் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்து, கதவோரத்துக் கருவியில் வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்புதான். மூக்குக் கண்ணாடி கொண்டுவரவில்லை, அட்டைக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார்.

வுலன் வாங்கிப் படித்தாள். படித்ததும் அட்டையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் பாங். நீங்க சும்மாவே உக்காருங்க. நான் பாத்துக்கிறேன்."

"என்னன்னு சொல்லு."

"ரெண்டு பேரும் சேர்ந்து போனாத்தான் செல்லுமாம், பாங். தனியா ஒருத்தர் போனா செல்லாதாம்."

முஹாசிம் அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அதைத்தானே நாங்களும் கேட்டோம்," என்றார்.